துண்டுக்கு அடியில் ஓடிய கேசட்

எனக்கு ஐந்தாவது வரைதான் படிப்பு. எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதி வேறு.

சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு போன் வந்த புதிது. மகனுக்கு துபாயில் வேலை. மருமகள் என்னோடு இருந்தாள். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு, மத்தியானம் கூப்பிடுவான். "நல்லா இருக்கியாம்மா? மாத்திரை போட்டியா? அவகிட்ட குடு" என்பான். எனக்கு அவ்வளவுதான். அவள் வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நிற்பாள். சிரிப்பு, மறுபடியும் சிரிப்பு. பெற்றவளிடம் பேசாத எதை இவளிடம் பேசுகிறான் என்று வயிறு எரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை டேப்ரிகார்டரை போனுக்குப் பக்கத்தில் வைத்துத் துண்டால் மூடினேன். மணி அடித்ததும் பொத்தான்களை அழுத்திவிட்டுத்தான் போனை எடுத்தேன். உள்ளே இருந்தது மகன் எனக்கென்று பேசி அனுப்பிய கேசட். அப்போதெல்லாம் கடிதத்துக்குப் பதில் அப்படியும் அனுப்புவார்கள். நோட்டில் எழுதியதற்குக் கீழே எழுதுவதுபோல, அவன் பேச்சுக்குப் பின்னால் இது சேர்ந்துகொள்ளும் என்று நினைத்தேன். பேசி முடித்தவள் அங்கேயே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினாள். நான் போய் நிறுத்த முடியவில்லை. ஒரு பக்கம் முழுக்க ஓடி டக்கென்று நின்றது. அந்தச் சத்தம் கேட்காமல் இருக்க இருமினேன்.

அவள் துணி எடுக்க மாடிக்குப் போனதும் போட்டுக் கேட்டேன். மகன் குரல் ஒரு சொல்கூட விழவில்லை. அவள் குரல்தான். "ம்... சீ, போங்க... அத்தைக்கு என்ன, என்னையே பாத்துக்கினு இருக்காங்க." பிறகு பீன்ஸ் நறுக்கும் சத்தம். "அம்மா, நான்தான் பேசறேன்" என்று அவன் தொடங்கியது எங்குமே இல்லை; அதை அழித்துவிட்டு இது பதிந்திருந்தது. எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதிலும் அவள் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பினால், வாசற்படியில் நிற்கிறாள்.

"என்ன அத்தை, என் குரல் கேக்குது?"

"கை தவறிப் பட்டுடுச்சும்மா."

"கை தவறித்தான் துண்டு போட்டு மூடினீங்களா?"

நான் துண்டை எடுத்து மடித்தேன்.

"நான் பேசறத டேப்புல பிடிக்கணும்னா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உங்களுக்கு வந்த லெட்டர நான் பிரிச்சுப் படிச்சா விடுவீங்களா?"

"அவன்கிட்ட சொல்லிடாதம்மா" என்றேன். அவள் துணியை மடிக்கப் போய்விட்டாள். அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் கோபத்தில் அந்த ரெண்டு வார்த்தையையும் நிறுத்திவிட்டால்?

அடுத்த வெள்ளி அவளே போனை எடுத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஏங்க, அத்தையோட கேசட்டு சிக்கி வீணாயிடுச்சு. வேற பேசி அனுப்புங்க" என்றாள்.

பதினைந்தே நாளில் வந்தது. இன்னொன்று அனுப்பு என்று நான் கேட்டபோதெல்லாம் இதோ அதோ என்றவன், அவள் ஒருமுறை சொன்னதும் அனுப்பிவிட்டான். அதுவும் ஒரு பக்கம் எனக்கு, மறுபக்கம் அவளுக்கு. கேசட் என் பெட்டியில்தான் இருந்தது. அவள் பக்கத்தைப் போட எத்தனையோ நாள் கை பரபரத்தது. போடவில்லை. ஆனால் பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய்.

இதை எழுதவும் நான் அவளைக் கேட்கவில்லை. இப்போது மகனும் அவளும் பெரும்பாக்கத்தில் இருக்கிறார்கள். யாராவது அவளிடம் படித்துக் காட்டி, அன்று அவள் சொன்னது இதுதானா, போன் வந்தது கல்யாணத்துக்கு முன்னாலா பின்னாலா என்று சரிபாருங்கள். அவள் வேண்டாம் என்றால் கிழித்துவிடுங்கள். நேரில் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.