ஏணி எடுத்த தட்டு

"ஏறும்போது ஏணியைப் பார், இறங்கும்போது..." என்று என் பெரியப்பா ஒன்று சொல்வார். இறங்கும்போது எதைப் பார்க்கச் சொன்னார் என்பது மறந்துவிட்டது. நடுவராக நிற்பவனுக்கு வேண்டியது அந்தப் பின்பாதிதான். அடியும் வாங்காமல் கைதட்டலும் வாங்காமல் நடுவில் நின்று பிழைக்கிறவர்களுக்கு இது புரியும்.

வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த எனக்குத் தமிழும் மலையாளமும் சேர்ந்துதான் சோறு போட்டன. திருவனந்தபுரத்தில் ஒரு திறந்தவெளி அரங்கு. மாலைதோறும் இரண்டு கற்பனை மலைநாடுகளின் வீரர்கள் மோதுவார்கள். மார்பளவு உயரத்தில் பலகைத் தட்டு. வீரர்கள் இருவரும் நடுவரான நானும் ஏறியதும் ஏணியை எடுத்துவிடுவார்கள். மூன்று அடி வாங்கியவன், அல்லது தரையில் கால் பட்டவன், தோற்றான். நாடுதான் கற்பனை, கம்பு அல்ல. எனக்கு ஒட்டுத்தாடி, காவி அங்கி, இரண்டு மொழியிலும் அறிவிப்பு.

நிஜ அடியா?

கிழக்கேகோட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் என் அங்கியைப் பிடித்து இழுத்தார். "உள்ளதைச் சொல்லும். இது நெஜ அடியா, சினிமா அடியா?"

நான் வாய் திறக்குமுன் சிவப்புக் கச்சை ஷிஜு, வித்துராக்காரன், வீங்கிய விரலை அவர் மூக்குக்கு நேரே நீட்டினான். "ஒண்ணு வாங்கி நோக்குங்க, சாரே. ரசீது மட்டும் கேக்கண்டா."

தாடி பறந்த நாள்

நீலக் கச்சை செல்வத்துக்கு ஊர் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டம். இருவரும் வித்துரா வரை ஒரே பஸ்ஸில், ஒரே பொட்டலத்தில் பழம்பொரி தின்றபடி போவார்கள். தட்டில் ஏறினால் மட்டும் தாயாதிகள்.

ஒருநாள் காற்று என் தாடியைக் கீழே கொண்டுபோய்விட்டது. யோசிக்காமல் குதித்து எடுத்தேன். எங்கள் மலைநாட்டுச் சட்டப்படி, நடுவர் தட்டை விட்டு இறங்கினால் அந்தப் போர் நடந்ததாகவே கணக்கில்லை. "ஒரு தாடிக்காக நான் போட்ட ரெண்டு அடியையும் கொன்னுட்டீங்களே, அண்ணாச்சி!" என்று செல்வம் தலையில் கைவைத்தான். கூட்டம் சிரித்தது. மானேஜர் சிரிக்கவில்லை.

"இனி இடையில இறங்கினா, பின்னே ஏற வேண்டாம், கேட்டோ."

மழை

மழைக்காலத்துக்கு முந்திய கடைசி ஆட்டம். ஜெயிப்பவனுக்கு நிரந்தர வேலை, மற்றவன் வீட்டுக்கு. இரண்டுக்கு இரண்டு என்று நிற்கும்போது மழை பிடித்தது. பலகை வழுக்கி ஷிஜு தட்டின்மேலேயே விழுந்தான். முழங்கால் திருகிக்கொண்டது. கம்பை ஊன்றி எழுந்தான். "போதும், இறங்குடா" என்றேன். "செத்தாலும் இறங்கமாட்டேன், சேட்டா."

போரை நிறுத்த நடுவருக்கு அதிகாரம் இல்லை. ஷிஜு கம்பைத் தூக்கி மேலுடம்பை மறைத்துக்கொண்டான். திறந்து கிடந்தது அந்த முழங்கால் ஒன்றுதான். அங்கே இன்னொரு அடி விழுந்தால் அவன் இனி எந்தத் தட்டிலும் ஏறமாட்டான். கீழே கூட்டம் "அடி! அடி!" என்றது. சீக்கிரம் முடிக்கச் சொல்லி மானேஜர் கையைக் காட்டினார். செல்வம் இரண்டு முறை நெருங்கினான். இரண்டு முறையும் ஓங்கிய கம்பைத் தாழ்த்தினான். பிறகு ஒரு சுற்றுச் சுற்றி என் பக்கம் வந்து, முகத்தைத் திருப்பாமல் சொன்னான்:

"அண்ணாச்சி, எனக்கு இந்த வேலை வேணும். இன்னொரு தடவை கிட்ட போனா அடிச்சிருவேன்."

தாடியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் தட்டிலிருந்து குதித்தேன்.