தகட்டுப் பந்தல்

தட்டிப் பார்க்காமல் காசிராஜனால் ஒரு தகட்டைக் கடந்து போக முடியாது. பேருந்தின் பக்கவாட்டு, கல்யாண வீட்டுச் சாம்பார் அண்டா, படப்பை டீக்கடையின் கல்லாப்பெட்டி, எதுவானாலும் வலது கை மோதிரத்தால் ஒரு தட்டு. பிறகு தலையைச் சாய்த்துக் கேட்பார். பிறகு தீர்ப்பு வரும். "ஒண்ணரை எம்எம் போட வேண்டிய எடத்துல ஒரு எம்எம் போட்டுருக்கான். வெளங்கும்." இதுவரை யாரும் அவரிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை. கேட்காதவர்களுக்குச் சொல்வதில்தான் அவருக்கு ருசி அதிகம்.

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து, சேரப்பணஞ்சேரிச் சாலையில் ஒரு பட்டறையில் லேசர் மெஷின் ஓட்டுகிறார். கணினியில் வரைந்ததை மெஷின் தகட்டில் வெட்டித் தரும். பட்டனை அழுத்திவிட்டுக் கண்ணாடி வழியே அதை முறைத்துக்கொண்டிருப்பது இவர் பங்கு. ஒரகடத்தில் ஓடும் கார்களுக்குள், யார் கண்ணுக்கும் எட்டாத மூலைகளில் இவர் வெட்டிய துண்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. "உள்ள நம்ம பிராக்கெட்டுதான்" என்று போகிற காரையெல்லாம் காட்டுவார். காட்டிய இடத்தில் பார்க்க ஒன்றும் இராது. நாலு பேர் அண்ணாந்து பார்க்கிற மாதிரி, தானே வரைந்து தானே வெட்டிய ஒன்று நிற்க வேண்டும் என்பது மனிதருக்குப் பெரிய ஏக்கம்.

அதற்கு ஒரு சாக்கு வீட்டிலேயே கிடைத்தது. மனைவி வேல்விழி, காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் இரண்டாம் ஷிப்ட். கம்பெனி வேன் இந்தப் பட்டறை வாசலில்தான் நிற்கும். உச்சி வெயிலில் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு காத்திருப்பாள். சித்திரையில் ஒருநாள் அங்கேயே மயங்கி விழுந்தாள். இன்னொரு தரம் விழுந்தால் லைனுக்கு வரவேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். "ஒரு கீத்துப் பந்தல் போட்டுக் குடுங்க, போதும்" என்றாள். லேசர் மெஷின் ஓட்டுகிறவன் பெண்டாட்டிக்குக் கீற்றுப் பந்தலா? காசிராஜனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

ரோஷம் வந்ததே தவிர நிழல் வரவில்லை. சித்திரையில் கேட்ட பந்தலை ஆவணி வரைக்கும் வரைந்துகொண்டிருந்தார். தட்டையாக இருக்கக் கூடாதாம். காற்றில் எழும்பிய சேலையைப் போல வளைந்து நிற்குமாம். அப்படி வளைய வேண்டுமென்றால் ஒவ்வொரு தகடும் ஒவ்வொரு அளவு. ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. அதுவரை வேல்விழி துப்பட்டாவைத் தண்ணீரில் நனைத்துப் போட்டுக்கொண்டு நின்றாள்.

முதலாளி இளம்பரிதி உள்ளூர்க்காரர், தாராள மனசு. "நசுங்கின அலுமினிய ஷீட்டுதானே, எட்த்துக்கோ காசி. நாலு காலு நட்டு மேல ஒரு ஷீட்டப் போட்டா முட்ஞ்சிது. இத்தினி வளைவு இன்னாத்துக்கு?"

"இது எக்ஸ்பெரிமெண்ட் சார்."

அந்தச் சொல்லைக் கற்ற நாள் முதல், தான் வைத்த குழம்பில் உப்புக் கூடினாலும் அவருக்கு எக்ஸ்பெரிமெண்ட்தான்.

ஒருவழியாகத் தகடுகளை வெட்டத் தொடங்கினார். எந்தத் தகடு எங்கே என்று தெரிய, மெஷினே எண்ணைப் பொறித்துத் தந்திருக்கும். அவர் விடவில்லை. "மூஞ்சில பச்ச குத்துன மாதிரி இருக்கும்லா." மார்க்கர் பேனாவால் தாமே எழுதினார். கையெழுத்து அழகுதான், அதைக் குறை சொல்ல முடியாது. அதற்குள் ஆயுத பூசை வந்தது. துடைக்காத பொருள் பூசையில் நிற்கக் கூடாது என்பதில் அவரை மிஞ்சிய கறார்ப் பேர்வழி அந்த வட்டாரத்தில் இல்லை. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மெஷினைத் துடைத்தார். ஸ்பேனர்களைத் துடைத்தார். அதே ஜோரில் தம் தகடுகளையும் பளபளவென்று துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் இட்டார். கற்பூரம் அணைந்த பிறகுதான் ஓர் எண்கூட மிஞ்சவில்லை என்பது உறைத்தது. எல்லாத் தகடும் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாக நின்றன.

"ஒண்ணொண்ணா அளந்து, கம்ப்யூட்டர்ல இருக்கறதோட ஒத்துப் பாரு" என்றார் இளம்பரிதி.

"பெத்த பிள்ளையள அளந்து பாத்தா சார் அடையாளம் தெரியணும்?"

பெற்றவர் அடையாளம் கண்ட லட்சணத்தைச் சொல்ல வேண்டும். போல்ட் ஓட்டை சேராத இடத்தில் அரம் போட்டார். அரத்துக்கு மசியாத இடத்தைச் சுத்தியலால் தட்டிச் சரிக்கட்டினார். சேலை எழும்ப வேண்டிய இடத்தில் எருமை படுத்திருந்தது. உச்சியில் சன்னல் அளவுக்கு ஒரு திறப்பு. தரையில் ஒரு தகடு மிச்சம். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது அந்தத் திறப்பில் உட்காரவில்லை. "காத்து போறதுக்கு விட்டுருக்கேன்" என்று கேட்டவர்களிடமெல்லாம் கூசாமல் சொன்னார்.

மறுநாள் வேன் நேரத்துக்கு வேல்விழி வந்தாள். கூட வேலை பார்க்கும் மரகதமும் மற்றவர்களும் முந்திக்கொண்டு நிழலில் நெருக்கி நின்றுவிட்டார்கள். அவளுக்குக் கிடைத்தது நடு இடம். திறப்பு வழியே வெயில் நேராக அவள் உச்சந்தலையில் இறங்கியது. அண்ணாந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, துப்பட்டாவை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். காசிராஜனுக்கு முகம் செத்துவிட்டது.

உள்ளே போய் அந்த மிச்சத் தகட்டைத் தூக்கி வந்தார். அவள் பக்கத்தில் நின்று, இரண்டு கையாலும் அவள் தலைக்கு மேலே அதை உயர்த்திப் பிடித்தார். பொட்டின் குங்குமம் பெருவிரலில் ஈஷிக்கொண்டது.

"எறக்குங்க. எல்லாரும் பாக்காவ."

அவர் இறக்கவில்லை. சாலை வளைவில் வேன் தெரிந்தது. வேல்விழி ஏறப்போனவள் நின்று, அவர் கைகள் இரண்டும் ஒழியாமல் இருப்பதைப் பார்த்தாள். தன் கையை உயர்த்தி, விரல் மோதிரத்தால் தகட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.