பூஜையில் இருந்த டேப் டிரைவ்

அந்த நவமி விடுமுறையன்று சாலைக் கடைத்தெருவிலிருந்து போன் வந்தபோதே எனக்கு அலுத்துவிட்டது. கூப்பிட்டவர் மளிகை மொத்த வியாபாரி, திருநெல்வேலிக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. அவர் கடை சர்வரை நான் வேலை பார்த்த நிறுவனம்தான் பராமரித்து வந்தது. போய்க் காதை வைத்துக் கேட்டேன். ஹார்ட் டிஸ்க் கறகறவென்று அரைத்துக்கொண்டிருந்தது. எந்த நேரமும் மண்டையைப் போடலாம். ஓண வியாபாரக் கணக்கு முழுவதும் அதற்குள் இருந்தது. உடனே டேப்பில் நகல் எடுத்தாக வேண்டும்.

டேப்பில் பதியும் பெட்டியான டேப் டிரைவைத் தேடினால் அது மாடியில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் இருந்தது. தராசு, கால்குலேட்டர், பேனாக்களோடு, சந்தனமும் குங்குமமும் இட்டு, தலையில் ஒரு செம்பருத்தி. சர்வரைத் தூக்க முடியவில்லையாம். கழற்ற முடிந்ததைக் கழற்றிப் பூஜைக்கு வைத்துவிட்டார்.

“இதை இப்பவே மாட்டணும் அண்ணாச்சி.”

“பூஜைக்கு வெச்ச சாதனமாக்கும் சாரே. நாளைக்குக் காலம்பற பூஜை எடுக்காம நானும் தொட மாட்டேன், நீங்களும் தொடண்டாம்.”

எங்கள் அலுவலகத்தில் உபரியாக ஒரு டிரைவ் உண்டு. அதுவும் பூஜையில்தான் இருந்தது, வைத்ததே எங்கள் மேனேஜர். நானும் இந்த ஊரில் வளர்ந்தவன்தான். வாதாடத் தெம்பில்லை.

மறுநாள் விஜயதசமி. காலையில் கோயிலில் என் மகளுக்கு எழுத்தினிருத்து. அவளை மடியில் வைத்து, விரல் பிடித்து, அரிசியில் முதல் எழுத்தை நான் எழுத வைப்பதாக இருந்தது. அவள் பிறந்த அன்றும் ஏதோ ஒரு சர்வருக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். இதையாவது விடக் கூடாது என்று எவ்வளவோ ஆசைப்பட்டேன்.

“அந்தப் பெட்டியை மாட்ட வேற ஆளே இல்லியா?” என்றாள் மனைவி அன்றிரவு.

இருந்த இன்னொருவன் லீவில் ஊருக்குப் போயிருந்தான். ஒன்பது மணிக்குள் வந்துவிடுவேன் என்றேன்.

“வரலைன்னா எங்க அப்பா எழுத வெப்பாரு, கேட்டியளா.”

விடிந்ததும் அண்ணாச்சி கற்பூரம் காட்டிப் பூஜை எடுத்தார். டேப் நுழையும் வாயில் சந்தனம் காய்ந்து கட்டியாகியிருந்தது. குண்டூசியால் சுரண்டினேன். கேபிளின் கடைசியில் செருகும் டெர்மினேட்டரைக் காணோம். கட்டைவிரல் அளவுதான், ஆனால் அது இல்லாவிட்டால் சர்வருக்கு டிரைவ் இருப்பதே தெரியாமல் போகும். வாடிய பூக்குவியலைக் கிளறி அதை எடுப்பதற்குள் ஒன்பது மணி நெருங்கிவிட்டது.

பயம் அதற்குப் பிறகுதான். டிரைவை மாட்டச் சர்வரை அணைக்க வேண்டும். அந்த நிலையில் அணைத்த டிஸ்க் மறுபடி சுற்றும் என்று யார் சொல்ல முடியும்? அணைத்தேன், மாட்டினேன், ஸ்விட்சைப் போட்டேன். டிஸ்க் முனகியது, நின்றது, பிறகு சுற்றியது. திரையில் டேப் டிரைவின் பெயர் வந்தது.

“கண்டீரா சாரே, பூஜை எடுத்துட்டு மாட்டினதுக்கு உள்ள பலன்!” என்றார் அண்ணாச்சி.

எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. நகல் முடியும்வரை டிஸ்க் தாங்க வேண்டுமே என்று அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தாங்கியது.

வீட்டுக்குப் போனபோது மதியம் தாண்டிவிட்டது. மகள் தூங்கிப்போயிருந்தாள். எல்லாம் நன்றாக நடந்ததாம், அழவே இல்லையாம். கோயிலிலிருந்து கொண்டுவந்த தாம்பாளத்து அரிசியில் அவள் எழுதியது அப்படியே இருக்கும், அதையாவது பார்க்கலாம் என்று தோன்றியது. அந்த அரிசி எங்கே என்று கேட்டேன்.

மனைவி என் தட்டைக் காட்டினாள். “அதைத்தானே வடிச்சிருக்கேன். சாப்பிடுங்க.”

நல்ல பசி. சாப்பிட்டேன்.