பெர்ஸியின் கோட்டு

ஹேசல்கிளஃப் மேட்டில் ஓர் ஆம்பளையைத் திருடன் என்று சொல்லலாம். சிரித்துவிட்டு உங்களுக்கு ஒரு பீர் வாங்கித் தருவார். நெஷ் என்று சொன்னால் பேரன் காலம்வரை பகை. குளிர் தாங்காதவன் என்பதுதான் பொருள். ஆனால் குளிரோடு அது நிற்பதில்லை. குடை பிடித்தால் நெஷ். தேநீரை ஊதிக் குடித்தால் நெஷ். தலைவலி என்று ஒரு நாள் படுத்தாலும் நெஷ். தெற்கே லண்டன் பக்கம் இந்தச் சொல்லைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. அங்கே ஆண்கள் நிம்மதியாகக் கையுறை போட்டுக்கொள்கிறார்கள்.

வில்ஃப் வார்டில் என்பவர்தான் ஊரில் இந்தச் சொல்லுக்கு நீதிபதி. பனிக்காலத்தில் சாலைக்கு உப்பு தூவும் லாரியைச் சட்டைக்கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு ஓட்டுவார். நவம்பரில் நீலமாகும் மூக்கு நுனி வசந்தத்தில்தான் பழைய நிறத்துக்குத் திரும்பும். மதுக்கடைக்குள் யாராவது கழுத்தில் மஃப்ளரோடு நுழைந்தால் எல்லாரும் வில்ஃபைப் பார்ப்பார்கள். அவர் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்து அந்த ஒரு சொல்லைச் சொல்வார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அப்பேர்ப்பட்டவருக்குத் தலை நரைத்த பிறகு காதல் வந்தது. ஆலிவ் போல்ட் ஓட்ஸ் ரொட்டி சுட்டு விற்கும் விதவை. அவர் கணவர் ஆர்னல்ட், ஜனவரியில் வெறும் சட்டையோடு கால்பந்து பார்க்கப் போய் நிமோனியாவில் இறந்தவர். மரியாதைக்காக ஊர் ஆண்கள் எல்லாரும் கோட்டில்லாமல் ஆலங்கட்டி மழையில் நின்று அவரை அடக்கம் செய்தார்கள். அடுத்த மாதம் அதே வரிசையில் இன்னும் இரண்டு குழி தோண்ட வேண்டியிருந்தது.

வில்ஃப் தன் விருப்பத்தைச் சொன்னதும் ஆலிவ் ஒரு கறுப்புக் கோட்டை எடுத்து நீட்டினார்.

"ஒரு வீரனப் புதைச்சாச்சு. இன்னொருத்தரப் புதைக்க எனக்குத் தெம்பில்ல. இதப் போட்டுக்கிட்டு ஊருக்குள்ள நடமாடுங்க. கட்டிக்கிறேன்."

"ஊரு என்னைய என்ன சொல்லும் ஆலிவ்?"

"உசுரோட இருக்காருன்னு சொல்லும்."

வில்ஃப் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் கிளம்பினார். தேவாலயத்து மூலை திரும்பியதும் கழற்றி, மதுக்கடைக்குப் போகுமுன் ஒளித்துவைக்கச் சுவருக்குப் பின்னால் போனார். அங்கே வரிசையாக ஆணி அடித்திருந்தது. மூன்று கறுப்புக் கோட்டுகள் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தன. வில்ஃப் கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நாலாவது ஆணியில் தன்னுடையதை மாட்டினார்.

மறுநாள் ஆலிவ், இருட்டில் அவர் எடுத்து மாட்டிக்கொண்டு வந்த கோட்டின் காலரைத் திருப்பிப் பார்த்தார்.

"இது பெர்ஸி க்ளூஸோட கோட்டு. இந்த ஒட்டு அவர் பொண்டாட்டி போட்டது. நான் குடுத்தது எங்க?"

வேறு வழியில்லாமல் வில்ஃப் ஆணிக் கதையைச் சொன்னார். ஆலிவ் சிரிக்கவில்லை.

"அப்போ நீங்க அந்த மதுக்கடை ஆம்பளைங்களையே கட்டிக்குங்க."

வில்ஃப் தெருவில் நின்று யோசித்தார். பிறகு பெர்ஸியின் கோட்டை மேல் பொத்தான்வரை பூட்டிக்கொண்டு மதுக்கடைக்குள் நுழைந்தார். சத்தம் அடங்கியது. எல்லாரும் வழக்கம்போல நீதிபதியின் முகத்தைப் பார்த்தார்கள். இன்று குற்றவாளியும் அவரேதான்.

"நெஷ்!" என்றார் பெர்ஸி, சட்டையோடு உட்கார்ந்தபடி.

"ஆமாப்பா, நெஷ்தான். என்னா கதகதப்புங்கிற! உள்ள கம்பளி வேற வச்சுத் தச்சிருக்கு. யாரோடதுன்னுதான் தெரியல. உனக்குத் தெரியுமா பெர்ஸி?"

காணாமல்போன நாயை அடுத்தவன் கயிற்றில் பார்ப்பதுபோல பெர்ஸி அந்தக் கோட்டைப் பார்த்தார்.

"எனக்கெப்படித் தெரியும்?"

"வேற யாருக்காவது?"

இரண்டு பேர் மேசையைத் துடைக்கத் தொடங்கினார்கள்.

வில்ஃப் திரும்பி வந்தபோது ஆலிவ் கல்லில் மாவை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"நெஷ்னாங்க."

"வலிச்சுதா?"

"வலிச்சுது."

ஆலிவ் சூடான ரொட்டியில் பாலாடைக்கட்டியை வைத்து மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"ஈஸ்டர் முடிஞ்சதும் கட்டிக்கலாம். அந்தக் கோட்டத் திருப்பிக் குடுத்துருங்க."

"தன்னுது இல்லன்னுட்டாரே."

"அவர் பொண்டாட்டிகிட்ட குடுங்க."