ஒரு லோரி, இரண்டு கூட்டம்

சிரம்பானில் பள்ளி முடித்தும் வேறு வேலை கிடைக்காமல், மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் லாபு பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் தூரத்து ரப்பர்க் காட்டில் வேலை முடிந்தபோது, எங்களை ஏற்றிப்போகும் இரண்டு லோரிகளில் ஒன்று பழுதாகிவிட்டது. ஊரடங்குக்கு முன் நாங்கள் குடியிருந்த லயத்தின் முள்வேலிக்குள் போயாக வேண்டும். பிறகு வெளியே யார் நடமாடினாலும் சுடுவார்கள்.

“பாதிப்பேர் முதல்ல போங்க. மத்தவங்க இங்கேயே காத்திருங்க,” என்றார் எங்களை வேலை வாங்கும் மண்டோர்.

மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காத்திருந்தால் இரண்டாவது கூட்டம் நேரத்துக்குப் போய்ச் சேராது.

“காத்திருக்க வேணாண்ணே, நாங்க நடக்கிறோம். லோரி முதல் ஆளுங்கள பாதி வழி தாண்டி இறக்கிட்டு, திரும்பி வந்து எங்கள ஏத்தட்டும். அவங்க மிச்சத்த நடந்துருவாங்க.”

“முனியம்மா நிறைமாசம். அவ எப்படிம்மா நடப்பா?”

“அவங்க டிரைவர் பக்கத்துலயே இருக்கட்டும். லோரி திரும்பி வந்தாலும் இறங்க வேணாம்.”

மண்டோர் முனியம்மாவை டிரைவர் பக்கத்தில் ஏற்றினார். “சரிலா, நடங்க,” என்றார்.

செம்மண் பாதையில் வேகமாக நடந்தோம். எதிரே லோரி வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. முதல் கூட்டம் கேட்டை நெருங்கும்போது நாங்களும் போய் இறங்கினோம். அதற்குப் பிறகுதான் ஊரடங்குச் சங்கு ஊதியது.

பல வருஷம் கழித்து, கோலாலம்பூரில் கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதும் வேலையில் சேர்ந்தேன். எது சும்மா காத்திருக்கிறது, யாருக்கு மட்டும் விதி மாறவேண்டும் என்று பார்ப்பதுதான் அங்கே பாதி வேலை. அன்றைய லோரிக் கணக்கு எனக்கு அப்படிப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருந்தது. அந்த மெஷின் முன்னால் நான் ஒருநாளும் பயந்ததில்லை.