லோசலைன் சம்பளத்துக்கு வைத்த முதலாளி

வைலாஹி ஊரில் லோசலைன் மூன்று முறை கடை வைத்தாள். முதல் இரண்டையும் சொந்தக்காரர்கள் சாப்பிட்டு முடித்தார்கள். இதில் யார்மேலும் தப்பில்லை. எங்கள் டோங்காத் தீவுகளில் சொந்தக்காரர் கேட்டால் கொடுக்க வேண்டும். வந்தது அப்பாவின் அக்கா என்றால் அவர் கேட்கக்கூட வேண்டியதில்லை, எடுத்துக்கொள்ளலாம். லோசலைனின் அத்தை லாட்டாய் தங்கமான மனுஷி. எடுக்கும் ஒவ்வொரு தடவையும் மருமகளின் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுத்தான் எடுப்பார். இரண்டாவது கடை இப்படி முப்பது நாற்பது முத்தங்களில் தீர்ந்தது.

அந்தச் சமயத்தில்தான் தலைநகரில் சீன அரசாங்கத்தின் கட்டட வேலைகள் மும்முரமாக நடந்தன. துறைமுகத்தை அவர்கள் கட்டினார்கள், அரசாங்க அலுவலகத்தை அவர்கள் கட்டினார்கள், உள்ளே உட்கார நாற்காலியையும் அவர்களே போட்டார்கள். திறப்பு விழா விருந்துக்கு அறுத்த பன்றி மட்டும் நம்முடையது. விமான நிலையச் சாலையில் இருந்த கடைகளும் ஒவ்வொன்றாகச் சீனர் கைக்குப் போயின. சீனர்கள் கெட்டிக்காரர்கள் என்று ஆண்கள் காவா வேர்ச்சாறு குடித்தபடி பெருமூச்சு விட்டார்கள். லோசலைன் ஒரு வாரம் யோசித்தாள். கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. அவர்களுக்கு இங்கே அத்தை இல்லை, அவ்வளவுதான்.

எனவே அவள் ஒரு சீனரை வேலைக்கு எடுத்தாள். குவான், கட்டட வேலையாட்களுக்குச் சமையலில் எடுபிடி வேலை செய்ய வந்தவர். வேலை முடிந்து கூட்டம் ஊருக்குத் திரும்பியபோது இவர் மட்டும் தங்கிவிட்டார். சீனாவில் பள்ளிக்கூடம் போகும் மகள் இருந்தாள், கையில் வேலை இல்லை. லோசலைன் தன் மூன்றாவது கடைக்குக் குவான் பெயரில் பலகை மாட்டி, அவரைக் கல்லாவில் உட்கார வைத்தாள். தான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். எங்கள் மொழியில் குவானுக்கு முதலில் வந்த சொல் "இல்லை". அதற்குமேல் அவசரமாக எதுவும் கற்றுக்கொள்ள வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள்.

கடை ஆறு வருஷம் நிமிர்ந்து நின்றது. உறைபெட்டி வந்தது, வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் வந்தது. லோசலைன் வாழ்க்கையில் தொட்டதில் நிலைத்த ஒரே காரியம் அதுதான். அத்தையின் புருஷன் இறந்தபோது மட்டும் கொஞ்சம் கஷ்டமாகிவிட்டது. சாவு வீட்டுக்கு ஒரு பெட்டி ஆட்டு விலாக்கறி கேட்டு அத்தை கறுப்பு உடையில் வந்து நின்றார். குவான் "இல்லை" என்றார். லோசலைன் குனிந்தபடி தரையைக் கூட்டினாள்.

"எங்கிட்ட என்ன இருக்கு அத்தை? நானே கூலிக்காரி."

"தெரியும்டி. உன்னைச் சொல்லி என்ன செய்ய?" என்று அத்தை அவள் தலையைத் தடவிவிட்டுப் போனார். அன்று முழுக்க லோசலைனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது.

வினை அந்தத் தடவலில்தான் இருந்தது. தன் தம்பி மகள் அந்நியன் கடையில் கூட்டிப் பெருக்குகிறாள் என்பது அத்தையின் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. அவர் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். குவானின் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கூடாது, கடையை லோசலைனுக்கே கொடுக்க வேண்டும் என்று மனு தயாரானது. ஊர் அதிகாரி ஃபெலெட்டி திங்கட்கிழமைக் கூட்டத்தில் அதை எடுத்துப் படித்தார். சபை மரியாதைக்கு இடுப்பில் பாய் சுற்றிக் கட்டிக்கொண்டு ஊரே வந்து உட்கார்ந்திருந்தது.

"அரசாங்கமே சீனாக்காரங்ககிட்ட வாங்கித்தான் சாப்பிடுது," என்றார் ஒருவர் பின்னாலிருந்து.

"அரசாங்கத்தை நாம துரத்த முடியாது. இவனை முடியும். கை தூக்குங்க," என்றார் ஃபெலெட்டி.

அத்தை எழுந்தார். "இவ ரெண்டு கடை வச்சவ. இன்னைக்கு அடுத்தவன் கடையில துடைப்பம் பிடிக்கிறா. இவ அப்பன் இருந்திருந்தா பார்த்துக்கிட்டு இருப்பானா?" சொல்லும்போதே அழுதுவிட்டார். அந்த அழுகையில் துளி நடிப்பில்லை. லோசலைனுக்கும் கண் நிறைந்தது.

குவான் வாசலில் நின்றிருந்தார். கூட்டத்துக்குக் கொடுக்கச் சொல்லி லோசலைன் அனுப்பிய குளிர்பானப் பெட்டி அவர் தோளில் இருந்தது. அப்போதுதான் வந்ததால் யாரைப் பற்றிய பேச்சு என்று புரியாமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். லோசலைன் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த மாசக் கடைசியில் அவரைக் கப்பல் ஏற்றிவிடுவார்கள். வாயைத் திறந்தால் கடை போய்விடும். போன வருஷம் காய்ச்சலில் படுத்திருந்த தனக்கு மூன்று நாள் கஞ்சி வைத்து ஊட்டியவர் அவர் என்பது அந்த நேரம் பார்த்து லோசலைனுக்கு ஞாபகம் வந்து தொலைத்தது.

"கை தூக்க வேண்டாம்," என்று எழுந்தாள். "கடை அவரோடது இல்ல. என்னோடது. ஆரம்பத்துலேர்ந்தே என்னோடதுதான். அவருக்கு நான்தான் சம்பளம் கொடுக்கறேன்."

அத்தை மெதுவாகத் திரும்பினார்.

"அப்ப அன்னைக்கு, சாவு வீட்டுக்குக் கேட்டப்போ, இல்லைன்னு சொன்னது நீதானா?"

"நான்தான் அத்தை."

அத்தை அவள் எதிரில் வந்து நின்றார். அடித்திருந்தால் லோசலைனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஆறு வருஷமா நமக்கு ஒரு கடை இருந்திருக்கு," என்றார் அத்தை, சபையைப் பார்த்து. "ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க, கழுதை."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஃபெலெட்டி மனுவை மடித்துப் பையில் வைத்தார். அந்நியர் கடையே இல்லை என்றால் மனு எதற்கு? அப்புறம் எல்லோரும் எழுந்து, வீட்டுக்குப் போய்க் கூடை எடுத்துக்கொண்டு, கடைக்கு வந்தார்கள்.

குவான் உறைபெட்டியின் குறுக்கே கையை விரித்து நின்றார். "இல்லை. இல்லை." லோசலைன் அவர் கையைப் பிடித்து மெல்ல விலக்கினாள். முதல் பெட்டியைத் தானே தூக்கி அத்தையின் வண்டியில் வைத்தாள். அத்தை முத்தம் கொடுத்தார். பிறகு ஒன்றுவிட்ட தங்கைகள், மச்சினர்கள், போதகர் வீடு. சாவு வீட்டுக்குக் கேட்ட அந்த ஒரு பெட்டியைத் தவிர, ஆறு வருஷமாக ஒருவரும் அவளிடம் எதையும் கேட்டதில்லை. இல்லாதவளிடம் யார் கேட்பார்கள்? இன்று வாசல்வரை நின்றவர்கள் எல்லோரும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சர்க்கரை போகும்போது, சோப்பு போகும்போது, பிரம்மாண்டமான சந்தோஷம். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"அந்த ஆளைப் பட்டினி போடாதேடி," என்றார் அத்தை கிளம்பும்போது. "உன்னால இங்கேயே தங்கிட்டான். இனி அவனும் நம்ம வீட்டு ஆள்தான்."

பொழுது சாயும்போது அலமாரிகளில் கொசுவர்த்தியும் ஒரு மூட்டை அரிசியும் மிஞ்சின. லோசலைன் படியில் உட்கார்ந்தாள். குவான் பக்கத்தில் வந்து நின்றார்.

"சம்பளம் இனிமே கொடுக்க முடியாது குவான்."

"தெரியும். அத்தை சொன்னாங்க, நான் சொந்தம். நெஜமா?"

"அத்தை சொன்னா சொன்னதுதான்."

குவான் உள்ளே திரும்பி அலமாரியைப் பார்த்தார். பிறகு, "அந்த அரிசி மூட்டை... நான் கேக்கலாமா?" என்றார்.

லோசலைன் எழுந்துபோய் எடுத்துக் கொடுத்தாள்.