ஏழு வீட்டுத் தயிருடன் மதுரைக்கு

காலை 6.10. திருச்சுழி பஸ் நிறுத்தத்தில் என்னை இறக்கிவிட்டு வீட்டுக்காரர் வண்டியைத் திருப்பினார். எங்கள் ஊர் இங்கிருந்து கிழக்கே மூன்று கிலோமீட்டர். திருமேனிநாதர் கோபுரத்தைப் பார்த்தும் கையெடுத்துக் கும்பிட முடியவில்லை. இரண்டு கையாலும் தெர்மாகோல் பெட்டியைப் பிடித்திருந்தேன். “அப்பனே, ஐஸ் உருகாமப் பாத்துக்க” என்று வாயால் மட்டும் கும்பிட்டேன்.

பெட்டியில் ஏழு பாட்டில் தயிர். ஒன்று எங்கள் வீட்டுது, மற்றது எங்கள் தெருவில் ஆறு வீட்டில் நான் வாங்கியது. என் மகள் பாண்டிச்செல்வி மதுரையில் ஆராய்ச்சி செய்கிறாள். பாலைத் தயிராக்கும் பாக்டீரியாக்கள்தான் அவள் படிப்பு. பகல் பன்னிரண்டுக்குள் பெட்டி அவள் கையில் சேர வேண்டும். இன்று வளர்க்கப் போட்டால்தான், மரபணுவைப் படித்துச் சொல்கிற இடத்துக்கு இந்த முறை அனுப்ப முடியுமாம். தவறினால் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அவளுக்கோ படிப்பு முடிய நாலு மாதம்தான் இருக்கிறது. நான் எட்டாவது வரை படித்தவள். எனக்குப் புரிந்தது அந்தப் பன்னிரண்டு மணி மட்டும்.

6.35. அருப்புக்கோட்டை டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பதினைந்து கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம். மழை காணாத கரிசல் இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்தது.

“பெட்டியில என்னத்தா, மீனா?” என்றார் கண்டக்டர்.

“தயிருங்க. மதுரைக்கு.”

“மதுரையில தயிருக்கு அம்புட்டுப் பஞ்சமா? ஏலே டிரைவரு, மெதுவா ஓட்டு, மோராயிரப் போகுது!”

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெட்டியை மடியோடு அணைத்துக்கொண்டேன்.

7.40. அருப்புக்கோட்டையில் மதுரை பஸ். டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். ஜன்னலோரம் வெயில் என்று உள்பக்கம் உட்கார்ந்தேன். காரியாபட்டி தாண்டியதும் மகள் போன் செய்தாள்.

“ஐஸ் இருக்காம்மா?”

“பாதி இருக்கு தாயி. ஆமா, இந்தத் தயிர வச்சு என்னதான் செய்யப் போற?”

“தயிர்ல இருக்குற அந்தக் கண்ணுக்குத் தெரியாத பூச்சியெல்லாம் ஆதியில செடி, கொடி மேல இருந்ததும்மா. பாலுக்கு வந்தப்பறம் எல்லாம் உக்காந்த எடத்துல கெடச்சிருச்சு. அதனால முன்ன வேண்டியிருந்த மரபணுவ ஒவ்வொண்ணா தொலச்சிருச்சு. எது எதைத் தொலச்சிருக்குன்னு எழுத்தெழுத்தா ஒப்பிட்டா, எந்த வீட்டுது எந்த வீட்டுதுக்குச் சொந்தம், எங்க பிரிஞ்சதுன்னு தெரிஞ்சிரும்.”

“தயிருக்கும் வம்சம் இருக்கா!”

“இருக்கு. அதான் ஒரு வீட்டுது இன்னொண்ணுல ஒரு சொட்டுக்கூடக் கலக்கக் கூடாது. நீ ஒண்ணும் கலக்கலல?”

“கலக்கல” என்றேன்.

போனை வைத்த பிறகுதான், பயத்தில் நான் சொன்ன பொய் நெஞ்சில் இறங்கியது. உறைமோர் கேட்க வெறும் பாத்திரத்தோடு ஒரு வீட்டு வாசலில் நிற்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நம் வீட்டுத் தயிர் ஒரு கரண்டியாவது அடியில் இருக்க வேண்டும். நேற்றும் அப்படித்தான் ஆறு பாட்டிலிலும் ஒரு கரண்டி விட்டுக்கொண்டு போனேன். தண்ணீர், உப்பு எதுவும் சேரக் கூடாது என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். தயிரோடு தயிர் சேர்வதில் என்ன குற்றம் என்று இருந்துவிட்டேன்.

பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா என் முகத்தைப் பார்த்து, “பஸ்ஸு ஒத்துக்கிறலயா?” என்று எலுமிச்சம்பழம் நீட்டினார். வாங்கி முகர்ந்தேன். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு மனது. பிள்ளை அதைப் பெரியவர்கள் முன்னால் வைத்து, பொய்யென்று தெரிந்து தலைகுனிந்தால்? முந்தானையில் முடிந்திருந்த திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டேன்.

9.25. மாட்டுத்தாவணி. ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு வந்தார். ஆய்வுக்கூட வாசலில் செருப்பைக் கழற்றினேன். “போட்டுட்டே வாம்மா” என்று ஓடி வந்து பெட்டியை வாங்கினாள் மகள். முகமெல்லாம் சிரிப்பு. கையுறை மாட்டி, முதல் பாட்டிலின் மூடியில் கை வைத்தாள்.

“ஏத்தா, தொறக்காத. எல்லாத்துலயும் நம்ம வீட்டுத் தயிரு ஒரு கரண்டி கெடக்கு.”

கை அப்படியே நின்றது. “போன்ல கேட்டேன்ல?”

“கேட்ட. பயத்துல சொல்லிட்டேன்.”

அவள் கத்தியிருந்தால் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினாள். “அவுக வீட்டுச் சட்டியில உன் தயிரு போகலல?” என்றாள்.

மறுபடி பொய் சொல்ல வாய் வரவில்லை. “போயிருக்கு. அதான முறை. நாம கொண்டுபோறத அவுக தயிர்ச்சட்டியில ஊத்திக்கிட்டு, அதுலருந்து நமக்குத் தருவாக. நம்ம தெரு ரகமத் அக்கா பாட்டில நல்லா வழிச்சுல்ல ஊத்துனாக.”

“எத்தன வருசமாம்மா?”

“நான் வாக்கப்பட்டு வந்ததுலருந்து பாக்குறேன்.”

“ஏழு வீடு ஏழு வம்சம்னு நெனச்சுல்ல திட்டம் போட்டேன்!” என்று தலையில் கை வைத்தாள். பிறகு நோட்டை எடுத்தாள். யார் யாரிடம் வாங்குவது, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று ஒரு மணி நேரம் கேட்டாள். இந்த முறை தவறியது தவறியதுதான்; அடுத்ததுக்கு, யார் தயிர் யாருக்குப் போகிறது என்பதையே ஆராயலாமா என்று தன் பேராசிரியரிடம் கேட்டுப் பார்ப்பாளாம். அவர் ஒத்துக்கொள்வாரா என்பது அவளுக்கும் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று கேட்டாள். “நம்ம தெருவோட குடுக்கல் வாங்கலே இல்லாத தயிரு நம்ம ஊர்ல எங்கம்மா இருக்கு? ஒப்பிட அது வேணும்.”

இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டே சொன்னேன். “கெழக்குத் தெருவுல.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு புதுப் பாட்டிலை மூடியோடு என் கையில் வைத்தாள். “ஒண்ணும் ஊத்தாத. வெறும் பாட்டிலாவே கொண்டு போ.”

மாலை 4.20. திரும்பும் பஸ். மதுரையில் தெருவுக்குத் தெரு பாக்கெட் தயிர் தொங்குகிறது. யார் வீட்டு உறை என்று ஒருவரும் கேட்பதில்லை, யாரிடமும் போய் நிற்கவும் வேண்டியதில்லை. எங்கள் ஊரில் ஒரு கரண்டி தயிர் தெரு முழுக்க நடக்கிறது, சாதி பார்த்து கிழக்குத் தெரு முனையில் மட்டும் நின்றுவிடுகிறது. வேண்டாம் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தினமும் விளக்கேற்றுகிற எனக்கும் அது ஒரு குறையாகப் பட்டதில்லை.

நாளைக் காலையில் முதல்தடவையாக அந்தத் தெருவில் ஒரு வாசலில் நிற்கப் போகிறேன். என்னை ஏறிட்டுப் பார்த்து, “இத்தன வருசம் எங்க போன?” என்று கேட்டால் என்ன சொல்வது என்று அருப்புக்கோட்டை வரை யோசித்தேன். திருச்சுழியில் இறங்கும்போதும் அந்த வெறும் பாட்டிலை மூடி திறக்காமல் கையிலேயே பிடித்திருந்தேன்.